க்ரவுஸுக்கு ஏற்ற துப்பாக்கி எது? மலைவீட்டு இரட்டைக்குழலை வைத்து ஒரு விவாதம்

#1 குந்தாபாலம்

வணக்கமுங்க. வாரிசு முறையில் லைசென்ஸ் மாறி வந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கையில் இருக்கு. இங்கிலாந்தில் செய்தது. குழல்கள் பக்கம் பக்கமா, நீளம் 28 அங்குலம். விசை இரண்டு. தராசில் 2 கிலோ 950 கிராம். மேல் ரிப்பின் (இரண்டு குழலையும் சேர்க்கிற நடுப்பட்டையின்) பின்பக்கம் தங்கத்தில் '2' என்று ஒரு எண், அவ்வளவுதான்.

பார்க்கிறவங்க எல்லாரும் 'இது க்ரவுஸ் கன்' (க்ரவுஸ் என்ற பறவை வேட்டைக்கான துப்பாக்கி) என்கிறாங்க. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வர்ற ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் ஒரு நாள் மூருக்கு, அதாவது க்ரவுஸ் இருக்கிற திறந்த மேட்டுநில வேட்டைக்கு, அழைப்பு இருக்கு. க்ரவுஸுக்கு என்று தனியா துப்பாக்கி உண்டா? இது அந்த வகைதானா? அங்கே இதையே கொண்டுபோகலாமா, அங்கேயே ஒன்று கேட்டு வாங்கிப் பிடிப்பது நல்லதா? '2' என்றால் இரண்டாம் தரம் என்று ஒருத்தர் சொன்னார், அதுவும் சரியா என்று தெரியணுமுங்க.

#2 நிர்வாகி

பேச்சு தொடங்கும் முன் ஒரு வரி. நீலகிரியிலும் பழனிமலையிலும் க்ரவுஸ் கிடையாது. இருக்கிற காட்டுக்கோழி, காடை, உள்ளான் எதையும் சுட 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தராது. இந்த இழை வெளிநாட்டு வேட்டை, களிமண் தட்டு சுடுதல், துப்பாக்கிப் பராமரிப்பு ஆகிய மூன்றோடு நிற்கட்டும். 'நம்ம தோட்டத்துக் காட்டுப்பன்றிக்கு இது போதுமா' வகைப் பதிவுகள் நீக்கப்படும்.

#3 பழையஇரும்பு

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். '2' தரத்தைக் குறிப்பதல்ல. ஜோடித் துப்பாக்கியில் இரண்டாவது.

க்ரவுஸை ஓட்டி அடிக்கும் வேட்டையில் பறவைகள் அலை அலையாக வரும். இரண்டு தோட்டா போட்டதும் சுடுபவர் காலித் துப்பாக்கியைப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்து, நிரப்பியதை வாங்கிக்கொள்வார். அதற்காக ஒரே எடை, ஒரே கட்டை (தோளில் அணைக்கும் மரப்பகுதி) அளவு, ஒரே விசை அழுத்தத்தில் இரண்டு துப்பாக்கி சேர்த்துச் செய்வார்கள். எண் மூன்று இடத்தில் இருக்கும்: ரிப், மேல் நெம்பு, முன்கட்டை இரும்பு. முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதில் '1' என்று இருந்தால் எந்தக் காலத்திலோ இரண்டும் மாறிப்போயிருக்கின்றன. பொருந்துவது போல் தெரியும், ஆனால் எஜெக்டர் (சுட்ட உறையை வெளியே தள்ளும் பொறி) ஒன்று முந்தித் தட்டும், அல்லது சுடாத தோட்டாவையும் சேர்த்து வெளியே எறியும்.

ஆக, 'க்ரவுஸ் கன்' என்று சொன்னவர்கள் பாதி சரி. ஜோடியாக வாங்கியவர் மனதில் மூர் இருந்திருக்கும். ஆனால் அதே ஜோடி ஃபெசன்ட் பறவை வேட்டைக்கும் போகும். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குழலின் அடிப்பக்கத்துத் தட்டையில் என்னென்ன குத்தியிருக்கிறது என்பதை எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

#4 பேரிஜம்காற்று

அண்ணே, 'க்ரவுஸ்' என்று ஒற்றைச் சொல்லில் சொன்னா ரெண்டு வேறு வேட்டை கலந்துபோகும். அதைப் பிரிச்சாத்தான் துப்பாக்கி புரியும்.

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இருக்கிறது சிவப்பு க்ரவுஸ். ஹீதர் என்ற குட்டைப் புதர் மண்டின திறந்த மேட்டுநிலம். அவலாஞ்சி பக்கம் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்குக் குறிஞ்சிப் புதர் படர்ந்திருக்குமே, அந்தத் தோற்றத்தைக் கண்முன்னே வச்சுக்கங்க. மரம் கிடையாது. சீசன் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. இங்கிலாந்துக்கு 1831-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த தேதிகள் இன்னைக்கும் ஓடுது. பறவை நிலத்தை ஒட்டி, மேட்டு வளைவைத் தழுவிக்கிட்டு, நேரா முகத்துக்கு வரும். கல்லும் புல்மண்ணும் வச்சுக் கட்டின இடுப்பளவுத் தடுப்புக்குள்ள நின்னு சுடணும்.

வட அமெரிக்காவில் சொல்ற ரஃப்டு க்ரவுஸ் காட்டுப் பறவை. மின்னசோட்டா, விஸ்கான்சின், மேய்ன் பக்கம் இளமரக் காடு. நம்ம சோலை ஓரம் மாதிரி, குச்சியும் கொடியுமா இருக்கும். காலடியில இருந்து படபடவென்று எழும்பி, ஒரு மரத்தை நடுவில் விட்டுட்டு மறைஞ்சிரும். 15 முதல் 25 கஜத்துக்குள்ள முடிஞ்சுபோற காரியம்.

முதலாவதுக்கு நிதானமா வீச்சு ஓடுற துப்பாக்கி வேணும். ரெண்டாவதுக்கு நாள் முழுக்கக் கையில தூக்கி நடக்கலாம் என்கிற எடை வேணும். ஊட்டியில கார்ஸ் புதரையும் ஸ்காட்ச் ப்ரூமையும் கொண்டாந்து விட்ட வெள்ளைக்காரன் க்ரவுஸை மட்டும் கொண்டு வரல. அதுக்குப் பதிலா பனிக்காலத்துல சோலைக்கு வலசை வர்ற வுட்காக் பறவையைத் தேடி அலைஞ்சாங்க. அந்தக் காலத்து மலைவீடுகள்ல லேசான துப்பாக்கிகள் சில இருக்கறதுக்கு அது ஒரு காரணம்.

#5 ஷோலைஓரம்

பேரிஜம் சொன்ன இரண்டாவது வேட்டைக்கு என் ஓட்டு 20 போருக்கு. எடை 2.5 முதல் 2.7 கிலோ, குழல் 26 அங்குலம், சோக் (குழல் வாயின் சுருக்கம்) திறந்தது, 25 கிராம் ரவை, ரவையின் பருமன் அமெரிக்க எண் 7½ அல்லது 8. மேல்-கீழ் குழலா பக்கக் குழலா என்பது பழக்கம். குச்சிக்காட்டில் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவில் இரும்பு குறைவாகத் தெரிவது நல்லது, அதனால் மேல்-கீழ் எனக்குப் பிடிக்கும்.

திறந்த சோக் ஏன் என்று கேட்பவர்களுக்கு: 20 கஜத்தில் சோக்கே இல்லாத உருளைக் குழல் சுமார் 32 அங்குல அகலத்துக்கு ரவையை விரிக்கும். ஃபுல் சோக் 16 அங்குலம்தான். பாதி அகலம் என்றால் பரப்பு கால்பங்கு. அந்தக் கால்பங்குக்குள் எழும்பும் பறவையைப் பிடிப்பது கடினம். பிடித்துவிட்டாலோ சட்டிக்கு எதுவும் மிஞ்சாது.

#6 மஞ்சூர்மூடுபனி

அப்போ குந்தாபாலம் அண்ணா வச்சிருக்கிற 28 அங்குலத்தை ஒரு நல்ல ஆசாரியிடம் கொடுத்து 25, 26 ஆக வெட்டிவிட்டால் காட்டுக்கும் ஆகும், மூருக்கும் ஆகுமே? இன்னொன்று, இப்போ கடையில் சுலபமா கிடைக்கிறது 70 மி.மீ. தோட்டா. பழைய துப்பாக்கியில் அது தாராளமா உள்ளே போகுது, மூடவும் மூடுது. போட்டிக்கு விற்கிற 24 கிராம் தோட்டா என்றால் இன்னும் மென்மை. பிறகென்ன பயம்?

#7 பழையஇரும்பு

தம்பி, இரண்டு யோசனையும் கை விரலை வாங்கும் யோசனை. கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் வெட்டுவது. சோக் என்பது வாய்ப்பக்கத்துக் கடைசி ஓரிரண்டு அங்குலத்தில் இருக்கும் சுருக்கம். இரண்டு அங்குலம் வெட்டினால் அது குப்பைக்குப் போகும். இரண்டு குழலும் வாயில் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்து ஈயப்பற்று வைத்திருப்பார்கள். வெட்டியதும் நடுவில் இடைவெளி திறந்து, ரிப்புக்குள் தண்ணீர் இறங்கும். நம் மலையில் ஒரு மழைக்காலம் போதும், உள்ளிருந்தே துரு தின்னும். இதற்கெல்லாம் மேலே, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு: தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம். ஆசாரிக்கும் உங்களுக்கும் சேர்த்து.

அடுத்தது தோட்டா. தோட்டாவின் மேல் எழுதிய 65 மி.மீ., 70 மி.மீ. என்பது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உறையின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் சறுக்கிக்கொண்டு போகும். மூடும். எல்லாம் சரி என்று தோன்றும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல், அறைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள கூம்பில் போய்ப் பிதுங்கும். ரவையும் 'வாட்' என்னும் அடைப்பும் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருப்பது) அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் வெடிக்காமல் போகலாம். பூட்டு தளர்ந்து, கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல் விட்டு, மெதுவாகவும் அது காட்டும்.

24 கிராம் என்பது ரவையின் எடை. உறையின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போட்டிக்கான 24 கிராம் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மி.மீ. உறையில்தான் வருகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு எண்ணையும் படியுங்கள்.

#8 பேரிஜம்காற்று

ஷோலைஓரம், 20 போரைப் பத்தி ஒரு மறுப்பு. எடை குறைவு என்பதை மட்டும் பார்த்தா ஏமாந்துபோவோம். பழைய ஆங்கிலேயக் கைவேலைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: துப்பாக்கியின் எடை, ரவையின் எடையைப் போல 96 மடங்கு இருக்கணும். 28 கிராமுக்கு 2.7 கிலோ. 30 கிராமுக்கு 2.9. 32 கிராமுக்கு 3.07. இதுக்குக் கீழே போனா உதை தோளில் தெரியும், ரெண்டாவது தோட்டாவுக்குள்ள முகம் கட்டையில இருந்து எழும்பிடும்.

2.5 கிலோ 20 போரில் 25 கிராம் போட்டா கணக்குச் சரி. ஆனா கடையில் 28, 30 கிராம் '20 போர் மேக்னம்' என்று விற்கிறதை வாங்கிப் போடறாங்க பாருங்க, அப்பத்தான் சிக்கல். 12 போர் செய்யிற வேலையை 12 போரே வலி இல்லாம செய்யும். அதே 28 கிராம் அகலக் குழலில் குட்டையான தூணா கிளம்பும். ஒடுங்கின குழலில் நீளத் தூணா நசுங்கிக் கிளம்பும், சுவரில் உரசின ரவை உருக்குலைஞ்சு ஓரம் சிதறும்.

குந்தாபாலம் சொன்ன 2.95-ஐ 96-ஆல் வகுத்தா 30.7. அதாவது 30 கிராமுக்குன்னு பிறந்த துப்பாக்கி. மூருக்கு நியாயமான எடை.

#9 ஷோலைஓரம்

மேக்னம் பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையால் கிளையும் ஒதுக்கிக்கொண்டு நடப்பவருக்கு 400 கிராம் பெரிய விஷயம். கை சோர்ந்தால் துப்பாக்கி தாமதமாக ஏறும். காட்டில் தாமதம் என்றால் பறவை இல்லை. மூருக்கு 12, காட்டுக்கு 20. இதற்குமேல் நான் இறங்கி வரமாட்டேன் :)

20 போர் வாங்குகிறவர்கள் வீட்டில் 12 போரும் இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் விழுந்து, சற்று முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டா தாராளமாக உட்காரும். அதைச் சுட்டால் குழல் கிழியும், முன்கையும் போகும். இதற்காகத்தான் 20 போர் உறைக்கு மஞ்சள் நிறம் வைத்தார்கள். இரண்டு போர் தோட்டாவையும் ஒரே பையில் போடுவது கூடவே கூடாது. சட்டைப் பையில் மிஞ்சிய ஒன்றும் இதில் சேர்த்தி.

#10 குந்தாபாலம்

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கலீங்க. வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை எதெல்லாம்? எதற்குக் கட்டாயம் துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் போகணும்?

#11 பழையஇரும்பு

இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முத்திரை (அழுத்தச் சோதனையில் தேறியதற்கான குத்து). குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையைத் துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் படியுங்கள். 1954-க்குப் பிந்திய ஆங்கில முத்திரையில் '2½ அங்குலம்' (65 மி.மீ. அறை), '3 டன்' என்று சதுர அங்குல அழுத்தம் குத்தியிருக்கும். 2¾ அங்குலத்துக்கு 3¼ டன். அதற்கு முந்தியதில் டன் இருக்காது, ரவையின் எடை அவுன்ஸில் இருக்கும். 1989-க்குப் பிறகு மில்லிமீட்டரும் பாரும். கிரீடத்தின் கீழ் என்.பி. அல்லது பி.என்.பி. எழுத்துகள் இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. அவை இல்லாமல், குழலில் பாம்புத்தோல் போன்ற சுருள் வரி தெரிந்தால் அது கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம். இன்றைய தோட்டா அதில் போடக் கூடாது.

அறை நீளம். அளவுக்கட்டை இருந்தால் அதுதான் சரி. இல்லையென்றால் கெட்டியான விசிட்டிங் கார்டைச் சரியாக 20 மி.மீ. அகலத்துக்கு வெட்டி உள்ளே தள்ளுங்கள். கூம்பு தொடங்கியதும் இரண்டு ஓரமும் முட்டி நிற்கும். நின்ற இடத்தில் பென்சில் கோடு போட்டு அளந்தால் அசல் நீளத்தைவிட 2 மி.மீ. போலக் கூடுதலாகக் காட்டும். 67 வந்தால் 65 என்று கொள்ளுங்கள். 70 என்று தாராளமாகக் கணக்குப் போட வேண்டாம்.

தளர்ச்சி. முன்கட்டையை எடுத்துவிட்டுக் குழலைப் பூட்டி, கட்டையின் கழுத்தைப் பிடித்து லேசாக உலுக்குங்கள். 'டிக்' என்று கேட்டால் கொக்கி தேய்ந்திருக்கிறது. முன்கட்டையோடு உலுக்கினால் அதன் இறுக்கம் தளர்ச்சியை மறைத்துவிடும். பழைய துப்பாக்கியை விற்பவர்கள் முன்கட்டையைக் கழற்ற விடாததற்கு இது ஒரு காரணம்.

மணி. குழலைத் தனியாக எடுத்து, அடிக்கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டுப் பென்சிலால் தட்டுங்கள். கோவில் மணி போல் நீண்டு ஒலித்தால் ரிப் ஒட்டு நன்றாக இருக்கிறது. தகர டப்பா போல் 'டப்' என்று அடங்கினால் எங்கோ பற்று விட்டிருக்கிறது.

உள்சுவர். ஜன்னல் சட்டத்தின் நேர்க்கோட்டைக் குழலுக்குள் விழ வைத்து, மெதுவாகச் சுற்றுங்கள். கோட்டு நிழல் ஒரு இடத்தில் உடைந்தால் நசுங்கல். மோதிரம் போல் வட்ட நிழல் தெரிந்தால் புடைப்பு: அடைப்பு இருக்கும்போது சுட்டதன் தடம். நசுங்கலை எழுப்பலாம். புடைப்பை நம்பக் கூடாது.

ரிப்பேர்க்காரரிடம் கட்டாயம் போக வேண்டியது இரண்டு அளவுக்கு. ஒன்று, பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் உள்விட்டம். 12 போரின் பெயரளவு 0.729 அங்குலம். முத்திரையில் உள்ளதைவிட 0.010 கூடிவிட்டால் முத்திரை செல்லாது. மற்றது சுவர்த் தடிமன். இது முத்திரையில் வராது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். அரிப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய குழலில் சுவர் காகிதம் ஆகியிருக்கும். ஆயிரத்தில் 20 அங்குலத்துக்குக் கீழ் எங்கேயாவது இறங்கினால் நான் சுடமாட்டேன். பளபளவென்று கண்ணாடி போல் இருக்கிற 80, 90 வருடக் குழலைப் பார்த்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

#12 ரிப்புக்குமேல்

இரும்பு சரி. மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தவறவிடும் பறவைகளில் பாதி கட்டைப் பொருத்தத்தால்.

கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை நினைத்துத் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றவும். கன்னம் பதிந்தபின் கண்ணைத் திறக்கவும். முன்மணி (குழல் வாயின் மேலுள்ள சிறு குமிழ்) ரிப்பின் நடுவில், ரிப் கொஞ்சமே தெரியும்படி இருந்தால் உங்களுடையது. ரிப் முழுக்கத் தார்ச்சாலை போல் தெரிந்தால் கட்டை உயரம், மேலே சுடுவீர்கள். பின்பூட்டு மட்டும் தெரிந்து மணி மறைந்தால் கட்டை தாழ்வு. மணி இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கினால் பக்கச்சாய்வு தவறு. வலக்கைக்காரருக்குப் பொதுவாக ¼ அங்குலம் வெளிப்பக்கம் சாய்த்திருப்பார்கள்.

பழைய ஆங்கிலத் துப்பாக்கியின் வழக்கமான கட்டை: விசையிலிருந்து 14½ அங்குலம், கன்னமேட்டில் 1½ தாழ்வு, குதிப்பகுதியில் 2¼ முதல் 2½. உயரம் குறைந்தவருக்கு 14½ அதிகம். ஸ்வெட்டர், ஜெர்கின் போட்டதும் அக்குளில் மாட்டும். ஸ்காட்லாந்தில் போடப்போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டே பாருங்கள், பனியனோடு பார்த்துப் பலனில்லை.

சுடுதளத்தில் உறுதி செய்ய 16 கஜத்தில் வெள்ளைத் தகடு. ஒரே புள்ளியை நோக்கி, குறி பார்க்காமல், ஏற்றியதும் சுட வேண்டும். ஐந்தாறு தோட்டாவின் நடுப்புள்ளி எத்தனை அங்குலம் விலகுகிறதோ, அத்தனை 1/16 அங்குலம் கட்டையில் மாற்றம் தேவை. இரண்டு அங்குலம் தாழ்ந்தால் கன்னமேட்டை ⅛ உயர்த்த வேண்டும். அதைத் தோல் பட்டை ஒட்டியே பார்த்துவிடலாம். மரத்தை உடனே சீவ வேண்டாம், சீவியது திரும்பாது.

#13 மஞ்சூர்மூடுபனி

பழையஇரும்பு ஐயா, திட்டினதுக்கு நன்றி, நிஜமாவே. ஒரு சந்தேகம். இரண்டு விசை இருக்கே, எதை முதலில் இழுக்கணும்? இரண்டு குழலுக்கும் சோக் வேறயா?

#14 பேரிஜம்காற்று

முன்விசை வலக்குழல், திறந்த சோக். பின்விசை இடக்குழல், இறுக்கம். எழும்பி ஓடுற பறவைக்கு முதல்ல கிட்ட, அப்புறம் எட்ட என்பதால முன், பின் என்ற வரிசை. நேரா வர்ற மூர்ப் பறவைக்கு இது தலைகீழ்: முதல் தோட்டா தூரத்துல, அதனால பின்விசை. கிட்ட வந்ததுக்கு முன்விசை. ஒற்றை விசைத் துப்பாக்கியில இந்தத் தேர்வு அவ்வளவு சுலபமா வராது. அதுக்காகவே இன்னும் பலர் ரெட்டை விசையை விடுறதில்லை.

எவ்வளவு சோக்? 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள்ள விழுற ரவையை வச்சுச் சொல்றது வழக்கம். உருளைக் குழல் நூற்றுக்கு 40, கால் சோக் 55, அரை 60, ஃபுல் 70. ஆங்கில எண் 6 ரவை 28 கிராமில் சுமார் 270. கால் சோக்கில் 148 வட்டத்துக்குள்ள. எண் 7 போட்டா 340-இல் 187. க்ரவுஸ் மூருக்கு வலது உருளை அல்லது கால், இடது கால் அல்லது அரை, அதுக்கு மேல வேண்டாம். பழைய துப்பாக்கியில் இடது ஃபுல் இருந்தா அதைத் திறக்க ஓடாதீங்க. முதல்ல 40 கஜத்தில் காகிதம் வச்சு எண்ணிப் பாருங்க. முத்திரை ஒன்று சொல்லும், காகிதம் வேற சொல்லும். காகிதத்தை நம்புங்க.

ஈயமா வேற உலோகமா என்று அழைச்சவங்ககிட்ட முன்னாலயே கேட்டுக்கங்க. பழைய மெல்லிய குழலில் எஃகு ரவை கூடாது. அது நசுங்காது, சோக்கைத்தான் தள்ளும். ஈயம் கூடாது என்றா பிஸ்மத், 65 மி.மீ. உறையில்.

தடுப்புக்குள்ள நிக்கிற முறை துப்பாக்கியைவிட முக்கியம். பறவை உயரமும் பக்கத்துத் தடுப்பில் நிக்கிறவர் தலை உயரமும் ஒன்று. தோளில் துப்பாக்கியோட வரிசைக்குக் குறுக்கே திரும்பவே கூடாது. பறவை தாண்டிப் போச்சுன்னா குழலை வானத்துக்குத் தூக்கி, உடம்பைத் திருப்பி, பின்னால ஏற்றணும். ரெண்டு பக்கமும் குச்சி நட்டிருப்பாங்க, அதுதான் உங்க எல்லை. ஓட்டுறவங்க நெருங்கினதும் கொம்பு ஊதுவாங்க. அதுக்கப்புறம் முன்பக்கம் ஒரு தோட்டாகூடப் போகக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

#15 ஷோலைஓரம்

நம் மலை ஈரத்தைப் பற்றியும் பதிவாகட்டும். துப்பாக்கியைத் தோல் உறையிலோ கம்பளி வைத்த கான்வாஸ் உறையிலோ போட்டு வைக்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கம்பளி நீரைக் குடித்து இரும்புக்கு ஊட்டும். பீரோவுக்குள் அடியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும், அல்லது சிலிக்கா ஜெல் பையை மாதம் ஒருமுறை அடுப்புச் சூட்டில் காயவைத்து வையுங்கள். எண்ணெய் அதிகம் பூசினால் பூட்டு வழியே கட்டையின் தலைப்பில் இறங்கி மரம் கறுத்துப் பஞ்சாகும். துப்பாக்கி எண்ணெயை துணியில் தொட்டு ஒரு தடவல், பிறகு வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைக்கவும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகி விசையைப் பிடிக்கும்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துத் திரும்பி வரும் துப்பாக்கியை அன்றே கழற்றித் துடைக்கவும். வாயில் விரல் விட்டும் பார்க்கவும். குளவி மண்கூடு கட்டியிருக்கும். அரை அங்குல மண் போதும், பழையஇரும்பு சொன்ன அந்த மோதிரப் புடைப்புக்கு.

#16 குந்தாபாலம்

எல்லாம் பார்த்தாச்சுங்க. முன்கட்டை இரும்பில் '2', மேல் நெம்பிலும் '2'. முத்திரை: 2½ அங்குலம், 3 டன், உள்விட்டம் .729, கிரீடத்தின் கீழ் பி.என்.பி. கார்டு 67 மி.மீ.-இல் நின்னது. உலுக்கினால் சத்தமில்லை. மணி நல்லா ஒலிக்குது. ரிப்பேர்க்காரர் அளவு: உள்விட்டம் வலது .731, இடது .735. சுவர் வலது ஆயிரத்தில் 27, இடது ஒரு இடத்தில் 18, வாயிலிருந்து 10 அங்குலம் பக்கம். குழல் உள்ளே கண்ணாடி மாதிரிதான் இருக்கு.

#17 பழையஇரும்பு

இடது 18 என்றதும் முடிவு தெரிந்துவிட்டது. உள்விட்டம் 0.006 கூடியிருக்கிறது, முத்திரை செல்லும். அதை வைத்து யாராவது 'சட்டப்படி சரி' என்று சொன்னால் சரிதான். ஆனால் இடக்கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அந்த 18 உட்கார்ந்திருக்கிறது. சுட வேண்டாம். வலதை மட்டும் சுடுகிறேன் என்றும் வேண்டாம், அவசரத்தில் விரல் பின்விசைக்குப் போகும். குழலுக்குள் உறை போடும் வேலை இருக்கிறது, செலவு துப்பாக்கி விலையைத் தாண்டும், அதன் பிறகு முத்திரையும் புதிதாகக் குத்த வேண்டும். எண்ணெய் தடவி, பீரோவில் வையுங்கள்.

ஸ்காட்லாந்துக்கு இதைக் கொண்டுபோனால் அழைப்பவர் அங்கே காவல்துறையிடம் விருந்தினர் அனுமதி வாங்க வேண்டும், இங்கே தனி அனுமதி, விமானத்தில் தனிச் சடங்கு. தேவையே இல்லை. சொந்தக்காரர் கூடவே நின்றால், அவர் இடத்தில் அவருடைய துப்பாக்கியை வாங்கிச் சுட அந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறது. 12 போர், 2.9 கிலோவுக்குக் குறையாதது, வலது கால் சோக், இடது அரைக்கு மேல் வேண்டாம், 28 கிராம் எண் 6 என்று எழுதி அனுப்புங்கள். கூடவே ரிப்புக்குமேல் சொன்னபடி உங்கள் கட்டை நீளம்.

#18 குந்தாபாலம்

நீளம் 14¼ வந்துச்சுங்க, ஸ்வெட்டரோட. எழுதி அனுப்பிட்டேன். அதுவரைக்கும் இந்தத் துப்பாக்கியை வச்சு ஏற்றிப் பழகலாமா? வெறும் விசை இழுத்தால் கெடுமா?

#19 ரிப்புக்குமேல்

வெறும் விசை இழுத்தால் ஊசி முனை உடையும். கடைப் போலித் தோட்டா கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சுட்ட 65 மி.மீ. உறை இரண்டில் பழைய ப்ரைமரை (ஊசி தட்டும் பொட்டை) எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பென்சில் ரப்பரை இறுக்கமாக அடைத்து, உறையின் வாயைப் பசையால் மூடிச் சிவப்பு பெயிண்ட் அடிக்கவும், நிஜத் தோட்டாவோடு கலக்காமல் இருக்க. தினமும் முப்பது தடவை, கண்ணாடி முன் ஏற்றி இறக்கவும். ரப்பர் முகம் காய்ந்து கல்லாகிவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும்.